ஜப்பானிய மரப்பலகை அச்சு: உளி முதல் கணினி வரை ஓர் எளிய விளக்கம்

நகம் விரித்தாற்போல் எழுந்து நிற்கும் நீல அலை. அதன் அடியில் மூன்று படகுகள். தூரத்தில் சின்னதாய் ஃபுஜி மலை. ஜப்பானியக் கலைஞர் ஹொக்குசாயின் 'கனகாவா பேரலை' படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட், போன் கவர், காபிக் கோப்பை, சுவர் போஸ்டர் என்று அது இல்லாத இடமில்லை. 2024 ஜூலையில் வெளிவந்த புதிய 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் அதே அலைதான்.

இத்தனை பேர் பார்த்த படத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவியிருக்கின்றன. அது தூரிகையால் வரைந்த ஓவியம் என்பது ஒன்று. அதன் 'ஒரிஜினல்' ஏதோ ஒரு மியூசியத்தில் பூட்டியிருக்கிறது, மற்றதெல்லாம் நகல் என்பது இன்னொன்று. உண்மையில் அப்படி ஓர் ஓவியம் எங்கும் இல்லை. லண்டனில், நியூயார்க்கில், டோக்கியோவில் இருப்பவை எல்லாம் தனித்தனிப் பிரதிகள். ஒரே மியூசியத்திடம் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளும் உண்டு. ஹொக்குசாயின் காலத்தில் அந்தப் பலகைகளில் எடுத்த ஒவ்வொன்றும் அசல்தான்.

இப்போது மூன்றாவதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. இணையக் கடைகளில் 'ஜப்பானிய வுட்பிளாக் பிரிண்ட்', 'டிஜிட்டல் வுட்பிளாக்' என்ற பெயர்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன. வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிவதில்லை. செய்முறையைப் புரிந்துகொண்டால் மூன்று குழப்பங்களும் சேர்ந்தே தீர்ந்துவிடும். அதனால் செய்முறையிலிருந்தே தொடங்குவோம்.

## ரப்பர் ஸ்டாம்ப்பும் மரப்பலகையும்

ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பைத் திருப்பிப் பாருங்கள். எழுத்துகள் மேடாக இருக்கும், மற்ற இடமெல்லாம் பள்ளமாக இருக்கும். மை மேட்டில் மட்டும் ஒட்டும். எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும், தாளில் பதிந்த பிறகுதான் நேராகும். இப்படி மேட்டிலிருந்து பதியும் முறைக்கு மேட்டு அச்சு என்று பெயர். மரப்பலகை அச்சின் அடிப்படையும் இதுதான். பதிய வேண்டிய கோட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மரத்தைச் செதுக்கி எடுக்கிறார்கள். அதாவது, தாளில் வெறுமையாக நிற்கப்போகும் இடத்தில்தான் உளி வேலை செய்கிறது.

அதே ஸ்டாம்ப் மூன்று நிறத்தில் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? நிறத்துக்கு ஒன்றாக மூன்று ஸ்டாம்ப் செய்து, மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி குத்த வேண்டும். ஜப்பானிய வண்ண அச்சும் இப்படித்தான். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை, அல்லது பலகையின் ஒரு பக்கம். பத்து முறை பதிய வேண்டிய படம் என்றால் ஒரே தாள் பத்து முறை பலகைமேல் போய்வரும்.

இந்த ஒப்புமை இவ்வளவு தூரம்தான் வரும். ஸ்டாம்ப்பைத் தாளின்மேல் குத்துகிறோம். இங்கே பலகை கீழே அசையாமல் கிடக்கும். தாளை அதன்மேல் கவிழ்த்து, தாளின் முதுகைக் கையால் தேய்க்கிறார்கள். அப்புறம், ஸ்டாம்ப் மை தாளின்மேல் படிந்து நிற்கும். இங்கே நீர்கலந்த நிறம் தாளின் இழைகளுக்குள்ளேயே இறங்கும். ஜப்பானிய அச்சுக்கு உள்ள தனி அழகெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வேறுபாடுகளிலிருந்துதான் வருகிறது.

## ஒரு படத்துக்கு நான்கு பேர்

இன்று டோக்கியோ என்று அழைக்கப்படும் நகரத்துக்கு அப்போது பெயர் எடோ. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே நாடக நடிகர்கள், அழகிகள், மல்யுத்த வீரர்கள், ஊர்க்காட்சிகள் ஆகியவற்றை அச்சிட்டு மலிவாக விற்கும் தொழில் செழித்தது. இந்தப் படங்களின் பொதுப்பெயர் உக்கியோ-ஏ. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு படத்தின் விலை, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலையை ஒட்டி இருந்தது. பிரபுக்களின் மாளிகைக்காகச் செய்த கலை இல்லை இது. கடைத்தெருவில் அடுக்கிவைத்து விற்ற சரக்கு.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். முதலாமவர் பதிப்பாளர். எந்தப் படம் விற்கும் என்று முடிவெடுத்துப் பணம் போடுபவர் அவர். செதுக்கிய பலகைகளும் அவருக்கே சொந்தம். இரண்டாமவர் ஓவியர், மூன்றாமவர் செதுக்குபவர், நான்காமவர் அச்சிடுபவர். ஹொக்குசாய் இந்த நால்வரில் ஓவியர் மட்டுமே. பேரலை இடம்பெற்ற 'ஃபுஜி மலையின் 36 காட்சிகள்' வரிசையை 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டவர் நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர். வரிசைக்கு நல்ல வரவேற்பு இருந்ததால் மேலும் 10 காட்சிகள் சேர்ந்து, மொத்தம் 46 ஆயின. பேரலையின் ஒவ்வொரு நுரை விரலையும் மரத்தில் செதுக்கியவரின் பெயர் இன்று நமக்குத் தெரியவில்லை. உலகின் மிகப் பிரபலமான கோடுகளில் சிலவற்றை வெட்டிய கை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

## ஓவியம் அழிந்துதான் அச்சு பிறக்கிறது

'ஒரிஜினல் எங்கே' என்ற கேள்விக்கான பதில் செதுக்கும் கட்டத்தில் இருக்கிறது.

ஓவியர் மிக மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டோவியம் வரைவார். அதில் நிறம் இருக்காது. செதுக்குபவர் அந்தத் தாளைக் கவிழ்த்து, படம் மரத்தைத் தொடும்படி பலகையில் பசை தடவி ஒட்டுவார். பலகை பெரும்பாலும் மலைச் செர்ரி மரம். கடினமானது, நெருக்கமான இழை கொண்டது, மெல்லிய கோட்டையும் உடையாமல் தாங்கும். தாள் ஒட்டியதும் அதன் மேலடுக்கை விரலால் மெல்லத் தேய்த்து உரித்து, கொஞ்சம் எண்ணெய் தடவினால் கோடுகள் இடவலம் மாறித் தெளிவாகத் தெரியும். பிறகு கத்தியால் ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் வெட்டுவார். கோடுகளுக்கு இடையே உள்ள பெரிய வெற்றிடங்களை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எடுப்பார். இப்படிச் செதுக்கிய முதல் பலகையைக் கோட்டுப் பலகை என்போம். படத்தின் வெளிக்கோடுகள் எல்லாம் இதிலிருந்துதான் பதியும்.

வேலை முடியும்போது ஓவியர் வரைந்த தாள் இருக்காது. மரத்தோடு சேர்ந்து சீவப்பட்டுவிடும். ஹொக்குசாய் பேரலைக்காக வரைந்த கோட்டோவியமும் அந்த வழியில்தான் போனது.

இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2020இல் பிரிட்டிஷ் மியூசியம் ஹொக்குசாய் வரைந்த 103 சிறு கோட்டோவியங்களை வாங்கியது. ஒரு பெரிய படப் புத்தகத்துக்காக அவர் வரைந்தவை அவை. ஏதோ காரணத்தால் அந்தப் புத்தகம் அச்சாகவே இல்லை. அச்சாகாததால்தான் அந்த ஓவியங்கள் பிழைத்தன. அச்சுக்குப் போயிருந்தால் 103 தாளும் செதுக்குபவரின் கத்தியில் முடிந்திருக்கும்.

சுருக்கமாக: இந்தக் கலையில் அச்சுக்கு முன்னால் நிறம் தீட்டிய ஓவியம் எதுவும் இல்லை. கோட்டோவியம் வழியிலேயே அழிகிறது. பலகைகள் கருவிகள் மட்டுமே. படம் முழுமையாக முதன்முதலில் தோன்றும் இடம் அச்சான தாள்தான். அதனால் அந்தத் தாளை நகல் என்று சொல்ல முடியாது.

## நிறங்கள் விலகாமல் இருப்பது எப்படி?

ஆரம்பக் காலப் படங்கள் வெறும் கறுப்புக் கோடுகள்தான். வேண்டுமென்றால் அச்சான பிறகு கையால் நிறம் தீட்டுவார்கள். 1740களில் இரண்டு மூன்று நிறங்களைப் பலகையிலிருந்தே பதிக்கத் தொடங்கினார்கள். முழு வண்ண அச்சு வந்தது 1765இல். அதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. அன்றைய ஜப்பானிய நாள்காட்டியில் எந்த மாதம் நீளம், எந்த மாதம் குட்டை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாள்காட்டி அச்சிடும் உரிமையோ சிலரிடம் மட்டுமே இருந்தது. அதனால் வசதியுள்ள கவிதைக் குழுவினர் மாதக் குறியீடுகளைப் படத்துக்குள் ஒளித்துவைத்து அச்சிட்டுத் தங்களுக்குள் பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள். யாருடைய படம் அழகு என்ற போட்டியில் செலவைப் பார்க்கவில்லை. அந்தப் போட்டியில் சுசுகி ஹருனொபு என்ற ஓவியர் செய்த பலவண்ணப் படங்கள் எடோவையே கவர்ந்தன. அதன்பின் முழு வண்ணமே வழக்கமாகிவிட்டது.

பலவண்ணத்தின் பெரிய சிக்கல், நிறங்கள் அதனதன் கோட்டுக்குள் சரியாக விழ வேண்டும் என்பது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். இதற்கான தீர்வு கென்தோ. பலகையின் ஓரத்தில் வெட்டிய இரண்டு சிறு தடுப்புகளுக்கு அந்தப் பெயர். ஒன்று மூலையில் 'L' வடிவில் மடங்கிய முனை. இன்னொன்று அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு நேர்க்கோடு. தாளின் மூலையை முதல் தடுப்பிலும் விளிம்பை இரண்டாவதிலும் முட்டவைத்துத்தான் தாளைக் கீழே விடுவார்கள். எல்லாப் பலகைகளிலும் தடுப்புகள் ஒரே இடத்தில் இருந்தால் தாளும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும்.

எல்லாப் பலகைகளிலும் ஒரே இடம் என்பதை எப்படி உறுதிசெய்வது? இந்த இடத்தில்தான் இந்த முறையின் புத்திசாலித்தனம் தெரிகிறது. கோட்டுப் பலகையில் கென்தோவையும் சேர்த்தே செதுக்கி, அதிலிருந்து மெல்லிய தாள்களில் பல படிகள் எடுப்பார்கள். அவற்றில் கென்தோ குறிகளும் பதிந்திருக்கும். ஓவியர் ஒவ்வொரு படியிலும் 'இந்த இடமெல்லாம் நீலம்', 'இந்த இடமெல்லாம் மஞ்சள்' என்று குறித்துக் கொடுப்பார். அந்தப் படிகளைப் புதிய பலகைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால் வண்ணப் பலகைகள் தயார். படமும் கென்தோவும் ஒரே தாளிலிருந்து ஒன்றாக மாறுவதால் தனியாக அளக்க வேண்டிய தேவையே இல்லை. கோட்டுப் பலகையே மற்ற எல்லாப் பலகைகளுக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

## தாள், தண்ணீர், பாரென்

செதுக்குவதை எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். அச்சிடுவதை 'தேய்ப்பதுதானே' என்று எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் இந்தக் கலையின் மிக நுட்பமான பகுதி அச்சிடுவதுதான்.

முதலில் தாள். பயன்படுவது வாஷி என்ற கைத்தாள். கோசோ என்னும் செடியின் பட்டையிலிருந்து எடுத்த நீண்ட இழைகளால் ஆனது. ஃபுகுயி மாகாணத்தின் எச்சிசென் பகுதி இதற்குப் பேர்போனது. பத்து, இருபது முறை ஈரத்தோடு தேய்த்தாலும் கிழியாத வலு அந்த நீண்ட இழைகளால் வருகிறது. நிறம் கண்டபடி ஊறிப் பரவாமல் இருக்க, விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரைத் தாளில் முன்கூட்டியே பூசியிருப்பார்கள். அச்சிடும் முன் தாள்களை லேசாக ஈரமாக்கி அடுக்கிவைப்பார்கள். ஈரத்தாள்தான் நிறத்தை உள்ளே இழுக்கும். ஆனால் தாளும் மரமும் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாள் முழுக்க ஈரம் ஒரே அளவில் இருந்தால்தான் கென்தோ வேலை செய்யும். அச்சிடுபவரின் பாதிக் கவனம் இந்த ஈரத்தில்தான் இருக்கும்.

அடுத்தது நிறம். எண்ணெய் மை கிடையாது. தண்ணீரில் கரைத்த நிறத்தைப் பலகையில் வைத்து, கூடவே துளி அரிசிப் பசையும் சேர்த்து, தூரிகையால் பலகையிலேயே கலந்து பரப்புவார்கள். பசை இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் பதியும்.

மூன்றாவது பாரென். கையில் பிடித்துத் தேய்க்கும் வட்டமான கருவி இது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மூங்கில் குருத்தின் உறையை மெல்லிய கயிறாக முறுக்கி, அதை வட்டச் சுருளாகத் தைத்து, பல அடுக்குத் தாள் ஒட்டி அரக்குப் பூசிய தட்டில் வைத்து, மேலே முழு மூங்கில் உறையைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கயிற்றின் முறுக்குகளே நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாக நின்று தாளை அழுத்தும். பெரிய பரப்புக்கு முரட்டுக் கயிறு, மெல்லிய கோட்டுக்கு நுண்ணிய கயிறு. எங்கே உடல் எடையைச் சாய்ப்பது, எங்கே கையைத் தளர்த்துவது என்பதில்தான் ஒரு படத்தின் உயிர் இருக்கிறது. இயந்திர அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக விழும். கை அப்படியில்லை.

இந்த மூன்றும் சேர்ந்து செய்யும் அற்புதம் பொகாஷி. அடர்ந்த நிறம் படிப்படியாக வெளுத்து மறையும் சாயலுக்கு அந்தப் பெயர். ஜப்பானியப் படங்களில் வானத்தின் மேல் விளிம்பு அடர்நீலமாகத் தொடங்கி, கீழே வரவர வெளிறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயலைச் செதுக்கவில்லை. அங்கே பலகை வெறும் தட்டையாகத்தான் இருக்கும். அச்சிடுபவர் ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் எடுத்து இழுப்பார். ஈரத்தில் நிறம் தானே கரைந்து மங்கும். ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். நூறு தாள் என்றால் நூறு முறை.

ஹிரோஷிகே என்ற ஓவியர் வரைந்து 1857இல் வெளிவந்த, பாலத்தின்மேல் திடீர் மழை கொட்டும் காட்சியைத் தேடிப் பாருங்கள். உச்சியில் இருக்கும் கருமேகம் முழுக்க முழுக்க பொகாஷி. பிரதிக்குப் பிரதி மேகத்தின் வடிவம் மாறும். அதே படத்தின் மழையோ செதுக்கு வேலை. மயிரிழைக் கோடுகள் சற்றே மாறுபட்ட கோணங்களில் குறுக்கிட்டுக் கொட்டுகின்றன. ஒரு கோட்டின் இரு பக்கமும் வெட்டித்தான் ஒரு கோடு நிற்கும் என்பதை நினைத்துக்கொண்டு அந்த மழையைப் பார்த்தால் செதுக்கியவரின் பொறுமை புரியும். டச்சு ஓவியர் வான்கோ 1887இல் இந்தப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அச்சின் குணமும் ஓவியத்தின் குணமும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: நிறம் தாளுக்குள் இறங்குகிறது, அழுத்தம் கையிலிருந்து வருகிறது, சாயல் ஒவ்வொரு தாளிலும் புதிதாகப் பிறக்கிறது.

## எல்லாப் பிரதியும் அசல், ஆனால் ஒன்றுபோல் இல்லை

பலகை மரம்தானே. ஆயிரக்கணக்கில் அச்சிட்டால் மெல்லிய கோடுகள் தேயும், முனை உடையும். பேரலையின் இடது மேல்மூலையில் தலைப்பு எழுதிய கட்டம் இருக்கிறது. ஆரம்பப் பிரதிகளில் அதைச் சுற்றிய கோடு முழுதாக இருக்கும். பிந்தைய பிரதிகளில் இடையே அறுந்திருக்கும். இதை வைத்தே எது முதலில் அச்சானது என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். வானத்தில் இருந்த மெல்லிய இளஞ்சிவப்புப் பல பிரதிகளில் வெளிச்சம் பட்டு மங்கிவிட்டது. நீலம் மட்டும் அப்படியே நிற்கிறது. காரணம், அது பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவாகி, பிறகு இறக்குமதியாக ஜப்பானுக்கு வந்தது. நாம் 'அசல் ஜப்பானிய நீலம்' என்று கொண்டாடுவது ஐரோப்பாவில் பிறந்து கப்பலேறி வந்த நிறம்.

நல்ல ஆரம்பப் பிரதி ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கும் மேல் போனது. நூடுல்ஸ் விலைக்கு விற்ற தாள்தான் அது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகைப்படமும் இயந்திர அச்சும் வந்து இந்தத் தொழிலை நொடிக்க வைத்தன. 20ஆம் நூற்றாண்டில் அது இரண்டு வழிகளில் மீண்டது. வதனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் பழைய நால்வர் முறையைப் புதுப்பித்து, கவாசே ஹசுயி போன்ற ஓவியர்களின் படங்களை வெளியிட்டார். மறுபுறம், வரைவது, செதுக்குவது, அச்சிடுவது மூன்றையும் கலைஞர் தானே செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த வழியில் வந்த முனகாதா ஷிகோ 1956இல் இத்தாலியின் வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு பெற்றார்.

யோஷிதா ஹிரோஷி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர். செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் தன் கண்முன்னே வைத்து வேலை வாங்கியவர். ஒரே பாய்மரப் படகுக் காட்சியின் பலகைகளை நிறம் மட்டும் மாற்றிக் காலை, மாலை, மூடுபனி, இரவு என்று தனித்தனிப் படங்களாக அச்சிட்டிருக்கிறார். பலகை கருவிதான், படம் தாளில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. இவர் 1930ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் பயணம் செய்தார். அந்தப் பயணத்திலிருந்து செய்த வரிசையில் தாஜ்மகாலும் அஜந்தாவும் இருக்கின்றன. நம் மதுரைப் பெரிய கோயிலும் இருக்கிறது. தேடிப் பார்க்கத் தவறாதீர்கள்.

## 'டிஜிட்டல்' என்றால் எந்தக் கட்டத்தில்?

'டிஜிட்டல் மரப்பலகை அச்சு' என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் பல வேலைகள். வரைவது, செதுக்குவது, அச்சிடுவது என்ற மூன்று கட்டங்களில் கணினி எங்கே நுழைந்தது என்று மட்டும் கேளுங்கள். குழப்பம் விலகிவிடும்.

வரையும் கட்டத்தில் மட்டும் நுழைந்தால் அது மரப்பலகை அச்சேதான். ஜெட் ஹென்றி என்ற அமெரிக்க ஓவியர் வீடியோ கேம் நாயகர்களை எடோ பாணியில் வரைந்தார். டோக்கியோவில் பல காலமாக இந்தக் கலையைச் செய்துவரும் டேவிட் புல் அவற்றைக் கையால் செதுக்கி அச்சிட்டார். 2012இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி நடந்த முயற்சி இது. கணினியில் இருக்கும் கோட்டோவியத்தை மெல்லிய தாளில் பிரிண்ட் எடுத்துப் பலகையில் ஒட்டினால், அதற்குப் பிறகு எல்லாமே பழைய முறைதான். எப்படியும் சீவி அழியப்போகும் தாள் தூரிகையில் வந்ததா, பிரிண்டரில் வந்ததா என்பது மரத்துக்குத் தெரியாது. இதில் ஒரு வசதியும் உண்டு: கோப்பு அழிவதில்லை.

செதுக்கும் கட்டத்தில் நுழைந்தால் கொஞ்சம் மாறும். லேசர் கதிர் மரத்தை எரித்துப் பள்ளமாக்கும். கணினி இயக்கும் துளைக்கருவி மரத்தைச் சுழன்று அரைக்கும். இரண்டும் நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும். ஆனால் கையால் செதுக்குபவர் கத்தியைச் சாய்த்து வெட்டுவதால் கோட்டின் அடிப்பக்கம் அகன்று, மெல்லிய கோட்டுக்கும் பலம் கிடைக்கும். லேசர் பெரும்பாலும் செங்குத்தாக வெட்டுவதால் நுண்கோடுகள் எளிதில் உடையும். சுழலும் கருவியின் முனை உருண்டை என்பதால் கூரான உள்மூலைகளை அதால் வெட்ட முடியாது, அங்கெல்லாம் கோடு சற்று மழுங்கும். ஆனாலும் அந்தப் பலகையில் நீர்நிறம் தடவி, வாஷியில், பாரெனால் தேய்த்து எடுத்தால் அந்தத் தாளை மரப்பலகை அச்சு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இயந்திரத்தில் செதுக்கியது என்று விற்பவர் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அச்சிடும் கட்டத்தில் நுழைந்தால் அது வேறு பொருள். மியூசியப் பிரதியை ஸ்கேன் செய்து இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் கிடைப்பது ஒரு மரப்பலகை அச்சின் புகைப்பட நகல். 'ஜிக்லே' என்ற பெயரில் விற்பதும் நல்ல தரமான இங்க்ஜெட்தான். கண்ணுக்குத் தெரியாத மைப்புள்ளிகள் தாளின்மேல் தெளிக்கப்பட்டிருக்கும். சுவரில் மாட்ட அழகாகவே இருக்கும், வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அதை 'வுட்பிளாக் பிரிண்ட்' என்று எழுதி விற்பது பொய். செதுக்கியவரும் அச்சிட்டவரும் அதில் எங்குமே இல்லை.

கடைசி வகை, முழுக்கக் கணினியிலேயே பிறக்கும் படம். மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு லேயரில் வைத்து, கீழே உள்ள நிறம் மேலே தெரியும்படி கலந்து, வாஷியின் இழையையும் மரத்தின் ரேகையையும் மேலே போர்த்துவார்கள். சிந்தனை முறை பலகை முறையேதான். ஒரு லேயர் ஒரு பலகை. அதனால் கற்றுக்கொள்பவருக்கு இது அருமையான பயிற்சி. ஐந்தே நிறத்தில் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பாணி என்று சொல்ல வேண்டும், அச்சு என்று சொல்லக் கூடாது.

இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் போன்ற இடங்களில் ஹொக்குசாய், ஹிரோஷிகே படங்களைப் புதிய செர்ரிப் பலகைகளில் இன்றும் கையால் செதுக்கி அச்சிடுகிறார்கள். அவை பழைய பிரதிகள் அல்ல, ஆனால் முழுமையான மரப்பலகை அச்சுகள். வயது ஒரு கேள்வி, செய்முறை இன்னொரு கேள்வி. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

## கையில் கிடைத்த தாளை எப்படிச் சோதிப்பது?

முதலில் திருப்பிப் பாருங்கள். கை அச்சில் நிறம் முதுகுவரை ஊறியிருக்கும், பாரென் தேய்த்த வட்டத் தடங்களும் சில இடங்களில் தெரியும். போஸ்டரின் முதுகு வெள்ளையாக இருக்கும். பிறகு, நகை பார்க்கும் பூதக்கண்ணாடி கிடைத்தால் ஒரு நிறப்பரப்பைப் பாருங்கள். பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு. ஒரே நிறம் இழைகளுக்குள் பரவியிருந்தால் பலகை அச்சு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் தாளில் லேசாகப் பள்ளம் விழுந்திருப்பதும் தெரியும். அளவும் ஒரு தடயம். எடோ காலத்தில் அதிகம் பயன்பட்ட தாள் ஏறக்குறைய 25க்கு 38 செ.மீ. பேரலையும் அவ்வளவுதான். சுவர் நிறையும் அளவில் ஒன்று வந்தால் அது பெரிதாக்கிய நகல்.

திரையில் மட்டும் பார்ப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017இலிருந்து காப்புரிமை முடிந்த தன் படங்களை உயர்ந்த தரத்தில் இலவசமாகத் தருகிறது. ஜான் ரெசிக் என்ற மென்பொருளாளர் உருவாக்கிய உக்கியோ-ஏ தேடல் தளத்தில் ஒரு படத்தைக் கொடுத்தால், பல மியூசியங்களில் உள்ள அதன் பிரதிகளை வரிசையாகக் காட்டும். டிஜிட்டல் இந்தக் கலைக்குச் செய்திருக்கும் பெரிய உதவி என்று நான் நினைப்பது இதைத்தான். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பிரதிகளை ஒரே திரையில் அடுக்கிப் பார்ப்பது முன்பு யாருக்கும் கிடைக்காத வசதி.

## செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

செர்ரிப் பலகையும் பாரெனும் தேடி அலைய வேண்டாம். நல்ல ப்ளைவுட் துண்டு, சிறு செதுக்கு உளிகள், வாட்டர்கலர் அல்லது போஸ்டர் கலர், அரிசிமாவில் காய்ச்சிய பசை, கொஞ்சம் தடிமனான வரைதாள் இருந்தால் தொடங்கிவிடலாம். தாளை ஈரத்துணிக்கு நடுவே கொஞ்ச நேரம் வையுங்கள். பாரெனுக்குப் பதில் ஸ்பூனின் முதுகு போதும். தாள் கிழியாமல் இருக்க இடையில் ஒரு பட்டர் பேப்பரைப் போட்டுத் தேய்க்கலாம். கென்தோவைச் செதுக்க வராவிட்டால், தடித்த அட்டையில் 'L' ஒன்றும் சிறு பட்டை ஒன்றும் வெட்டி இரண்டு பலகைகளிலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். உளி போகும் திசையில் மற்றொரு கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

முதல் படத்துக்கு ஒரு கோட்டுப் பலகையும் ஒரு வண்ணப் பலகையும் போதும். வண்ணப் பலகையில் வானத்தை மட்டும் தட்டையாக விட்டுவிட்டு, பொகாஷியை அதில் பழகுங்கள். பத்துத் தாளாவது சேர்ந்தாற்போல் எடுங்கள், ஏனென்றால் முதல் சில தாள்களில் மரம் இன்னும் ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். நிறம் அதற்குப் பிறகுதான் சீராகப் பதியும்.